எங்கள் ஊரில் சோறு தின்னாத ஒரே வீடு

எங்கள் ஊருக்கு அரிசி டிப்போ எப்படி வந்தது என்பதற்கு இப்போது ஊரில் நாலைந்து கதைகள் உலவுகின்றன. ஒருவர், தன் அப்பா மந்திரியைப் பார்த்துப் பேசினார் என்கிறார். இன்னொருவர், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிய மனுவில் இங்கிலீஷ் அப்படி என்கிறார். எல்லாம் பொய். டிப்போவைக் கொண்டுவந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன், பி.ஏ. படித்த ஒரு மனுஷனுக்குக் கேள்வி கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து அந்த டிப்போவை வரவழைத்தேன். என் மில்லுக்கு வரும் காலேஜ் வாத்தியார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது என் மில்லில் குத்தின அரிசியைத்தான்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். மகாராஜாவின் ஆட்சி முடிந்து, கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே ராஜ்யமாகிவிட்டிருந்த சமயம். ராஜ்யத்துக்குப் பெயர் மாறியது, அரிசிப் பஞ்சம் மாறவில்லை. நாஞ்சில்நாடு என்றால் நெல்லு கொட்டிக் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது கால்வாய்த் தலைப்பில் வயல் உள்ளவர்களுக்கு. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிடும் தண்ணீர் எல்லோர் வயலையும் நனைத்துவிட்டு எங்கள் ஊர் எல்லைக்கு வரும்போது கால் கழுவக்கூடக் காணாது. எங்களுக்குப் பனை உண்டு, மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று உண்டு. காற்றைக் குத்திப் புடைத்து உலை வைக்க முடியாது.

கார்டுக்கு அரிசி கொடுக்கும் டிப்போ அஞ்சுகிராமத்தில் இருந்தது. நாலு மைல். வாரத்தில் ஒரு நாள் பெண்கள் ஓலைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விடியுமுன் புறப்படுவார்கள். போய் வரிசையில் நிற்பார்கள். சிலசமயம் முறை வரும்போது அரிசி தீர்ந்திருக்கும். அன்றைய வேலையும் போய், அரிசியும் இல்லாமல், வெறும் பெட்டியோடு அதே நாலு மைலை நடந்து வருவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தலைச்சுமையாகக் கருவாடு விற்று, அதில் மிச்சம்பிடித்து ஒரு கடை போட்டிருந்தேன். உப்பு, புளி, கருப்பட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கடையை ஒட்டி ஓடு வேய்ந்த ஓர் அறையும் கட்டினேன். கோவிலையும் பெரிய வீட்டையும் விட்டால் ஊரில் ஓடு ஏறிய கூரை என்னுடையதுதான். அந்த அறையைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: இதில் அரிசி மூட்டை அடுக்கினால் எப்படி இருக்கும்?

ஊரார் எல்லோரும் கைரேகை வைத்து மனு அனுப்பினோம். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரிக்க ஓர் ஆள் வருவார். ஊரில் முப்பது வீட்டில் கேட்பார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அரிசிச்சோறு இல்லை என்று தெரிந்தால் டிப்போ கிடைக்கும். டிப்போவை நடத்துகிறவர் வசதியுள்ளவராகவும், மழை ஒழுகாத அறை உள்ளவராகவும் இருக்கவேண்டும். நான் விண்ணப்பம் போட்டேன். பெரிய வீட்டுக்காரரும் சத்தமில்லாமல் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். ஊர்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் முழுவதும் அவருடையது. அவர் வீட்டு நெல் பத்தாயத்தில் ஓர் ஆள் நின்றால் தலை தெரியாது, அவ்வளவு உயரம். அவரோடு மோதுகிறேன் என்று எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு ஆள் வருவாரு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சோறு கண்டு எத்தனை நாளாச்சுண்ணு சொன்னாத்தான் டிப்போ வரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விசாரணைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாகர்கோவில்காரர், பி.ஏ. படித்தவர், என் வயதுதான், மூக்குக்கண்ணாடி. கேரியரில் ஒரு கட்டு அச்சடித்த காகிதம். நல்ல மனுஷன், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். முதல் வீடாக என் வீட்டையே எழுதிவிடலாம் என்றார். கடை வாசலில் நின்றபடியே காகிதத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"கடந்த ஏழு நாட்களில் தங்கள் வீட்டில் எத்தனை வேளை அரிசிச்சோறு சாப்பிட்டீர்கள்?"

கடையில் அப்போது மண்ணெண்ணெய் வாங்க வந்த நாலு பேர் நின்றார்கள். ஒருவன் எனக்கு வேண்டாதவன். அவனைப் பார்த்தேன். பிறகு, "டிப்போ நடத்த வசதியுள்ளவர்" என்று கடிதத்தில் இருந்ததை நினைத்தேன்.

"மூணு நேரமும் சோறுதான் சாரே" என்றேன். "ஏழு நாளும். மீன் இல்லாம எனக்கு இறங்காது."

கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் பாத்திர மூடி ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. என் மனைவி கைதவறிப் போட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

இதை நான் வெட்கப்பட்டு எழுதவில்லை. ஒரு கணக்கு வைத்துத்தான் சொன்னேன். முப்பது வீட்டில் என் வீடு ஒன்றுதானே, ஒரு வீடு சோறு தின்றால் டிப்போ வராமல் போய்விடுமா, மற்ற இருபத்தொன்பது பேர்தான் உள்ளதைச் சொல்லப்போகிறார்களே என்று நினைத்தேன். இதே கணக்கை அன்று ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

அடுத்தது பக்கத்து வீட்டு மைனி. மைனி என்றால் அண்ணி; எனக்கு உறவில்லை, வேலியோடு வேலி என்பதால் மைனி. ஓலைப்பெட்டி முடைந்து சந்தைக்குக் கொண்டுபோவாள். நாக்கு, முடையும் கத்தியைவிடக் கூர்மை. இவள் சொல்லுவாள் என்று நம்பித்தான் அவரைக் கூட்டிப்போனேன். பாவம், அவர் அச்சடித்த கேள்வி புரியாமல் போகும் என்று நினைத்து, "காலையில சாப்பிட்டாச்சா அம்மா?" என்று ஆரம்பித்தார்.

"ஆச்சு சாரே. நீங்க?" என்றாள் மைனி.

"சோறா?"

"பின்ன?"

அவர் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பழக்கத்தை அந்த மனுஷனுக்கு யார் சொல்லுவது? சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்லவேண்டும். மூன்று நாள் பட்டினி கிடந்தவனும் ஆச்சு என்றுதான் சொல்லுவான். இல்லை என்று சொல்லிவிட்டால், கேட்டவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை போட்டாகவேண்டும். ஆகையால் இல்லை என்று சொல்வது பிச்சை கேட்பது மாதிரி. முன்பின் தெரியாத, சைக்கிளில் வந்து இறங்கிய ஓர் ஆணிடம் மைனி பிச்சை கேட்பாளா? அதுவும் அவளுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகள் வேறு இருந்தாள். மரச்சீனி தின்கிற வீடு என்று எழுத்தில் பதிந்துவிட்டால் யார் பெண் கேட்டு வருவார்கள்?

மூன்றாவது வீட்டில் கேள்வி வேறு. வீட்டில் பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை? அந்த அம்மாளுக்கு ஆறு குழந்தைகள். அவள் நாலு என்றாள். பிள்ளைகளை எண்ணி வெளி ஆளிடம் சொன்னால் கண்பட்டுவிடும், அதனால் குறைத்துத்தான் சொல்லுவார்கள். கதவுக்குப் பின்னால் இரண்டு தலை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அது யார் என்று இவர் கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்றாள். அடுத்த நிமிஷம் அதில் ஒன்று வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்து, அம்மா என்றது. அவள் அசையவில்லை. "எல்லாத்துக்கும் நாந்தான் அம்மை" என்றாள். இவரும் நாலு என்றே எழுதினார். அதே வீட்டில், கொழும்புக்குப் போய் ஐந்து வருஷமாகத் திரும்பாத கொழுந்தனை மட்டும் ஆளோடு சேர்த்துச் சொன்னாள். அவன் சாப்பிடுகிற கிண்ணம் இன்னும் பரணில் இருக்கிறதாம்.

பனையேறி ஓய்ந்த ஒரு பாட்டா வீட்டுக்குப் போனோம். கடந்த ஏழு நாட்களில் என்று இவர் தொடங்கியதும் பாட்டா கையை உயர்த்தித் தடுத்தார். "ஏழு நாளு, பதினாறு நாளெல்லாம் செத்தவங்களுக்குத்தான் மக்கா எண்ணுவோம். இருக்கவனுக்கு சந்தைக்குச் சந்தைதான் கணக்கு."

சரி, போன சந்தையிலிருந்து இன்றுவரை சோறு சாப்பிட்டீர்களா என்று மாற்றிக் கேட்டார். பாட்டா முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிட்டேன் என்றார். எப்படிப்பட்ட சோறு என்று விவரிக்க ஆரம்பித்தார். சம்பா அரிசி, அவியல், எரிசேரி, இரண்டு பாயசம், இலை நிறைய. கால் மணி நேரம் சொன்னார். எங்களுக்கே நாக்கில் ஊறிவிட்டது. எப்போது, யார் வீட்டில் என்று விசாரித்தால், போன மாசியில் தங்கச்சி பேத்தி கல்யாணத்தில். அது ஏழு நாளில் வராதே பாட்டா என்று நான் சொன்னதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சோறு தின்ற கதை கேட்டால் சோறு தின்ற அன்றைக்கு உள்ளதைத்தானே சொல்லமுடியும், தின்னாத நாளில் சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் வீட்டுக் காகிதத்திலும் சோறு ஏறியது.

கடைசியாகப் பெரிய வீடு. பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நெய் உருக்கும் மணம் தெருவரை வந்தது. காகிதக் கட்டைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. அப்போதெல்லாம் நெல் உள்ளவர்களிடம் சர்க்கார் லெவி என்று ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொண்டு போகும். காகிதத்தோடு யார் வந்தாலும் அவருக்கு லெவிக்காரர்தான். கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"நெல்லா? எலி திங்கக்கூட ஒரு மணி கிடையாது. காலையில மரச்சீனி, மத்தியானம் மரச்சீனி, ராத்திரி கஞ்சித்தண்ணி. எழுதிக்கிடும்."

லெவிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகியிருந்தது. டிப்போவுக்குத் தான் போட்ட விண்ணப்பத்தை அந்த நிமிஷம் அவர் நினைக்கவே இல்லை. பத்தாயத்தைக் காப்பாற்றும் அவசரம்.

மத்தியானம் என் ஓட்டு அறையில் உட்கார்ந்து விசாரணைக்காரர் கூட்டிப் பார்த்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கூட்டி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணாச்சி, முப்பது வீட்டில் இருபத்தொன்பது வீட்டில் மூன்று வேளையும் சோறு. ஊரில் சோறு தின்னாதது ஒரே ஒரு வீடு. பெரிய வீடு."

காகிதப்படி எங்கள் ஊரில் டிப்போ வேண்டியது அந்த நெய் மணக்கும் வீட்டுக்கு மட்டும்தான். நாளைக் காலையில் காகிதத்தை ஆபீசில் கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டால் இனி எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்றார். பெண்கள் பெட்டியோடு நாலு மைல் நடந்துகொண்டே இருக்கவேண்டியதுதான். என் அறையில் பல்லி முட்டை இடவேண்டியதுதான்.

வந்த ஆளுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாது. என் மனைவி அவருக்கு இலை போட்டாள். வெள்ளைச் சோறு, மீன் குழம்பு. அந்த அரிசி எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரிய வீட்டுப் பின்வாசலில் போய், அந்த வீட்டு அம்மாளிடம் நாழி அரிசி கேட்டு வாங்கிவந்தாள். சோறு தின்னாத வீட்டிலிருந்து வந்த அரிசி. நீங்களும் உட்காருங்கள் அண்ணாச்சி என்று அவர் கூப்பிட்டார். ஆச்சு என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"காலையிலிருந்து முப்பது வீட்டு வாசலில் நின்றேன். இருபத்தொன்பது வீட்டில் மரச்சீனி அவிகிற வாசனை" என்றார். "ஆனால் இந்தக் காகிதத்தில் வாசனைக்குக் கட்டம் இல்லை."

அந்த வார்த்தைதான் எனக்குப் புத்தியைத் திறந்துவிட்டது. நான் கடைக்காரன். எந்த வீட்டில் என்ன வேகிறது என்று எனக்கு எப்படித் தெரிகிறது? எந்த வீட்டாரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லி அல்ல. புளி வாங்க வருகிறவள் மிளகாய் வாங்க வருகிறவளைப் பற்றிச் சொல்லுவாள். மிளகாய் வாங்குகிறவள் புளி வாங்கினவளைப் பற்றிச் சொல்லுவாள். தராசு தட்டு நிற்பதற்குள் ஊர்ச் சமையல் முழுவதும் என் காதில் விழுந்துவிடும். அவ்வளவும் சுத்தமான உண்மை.

"சாரே, அவங்கவங்க வீட்டைப் பத்தி ஏன் கேக்கீங்க? அடுத்த வீட்டைப் பத்திக் கேளுங்க" என்றேன்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பதில் அந்தந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும், எழுதினதை வெட்டித் திருத்தினால் பக்கத்திலேயே அந்த வீட்டுக்காரரின் கையெழுத்தோ கைரேகையோ வேண்டும் என்றார். நான் விடவில்லை. அடுத்த வீட்டார் சொல்வதை இந்த வீட்டார் காதுபடச் சொல்லவையுங்கள், மறுக்கமுடியாதவர்கள் கைரேகை வைத்துத்தானே ஆகவேண்டும் என்றேன். அவர் மீன் முள்ளை இலை ஓரமாக ஒதுக்கினார். வாருங்கள், பார்க்கலாம் என்று கை கழுவ எழுந்தார்.

பிற்பகலில் நாங்கள் இரண்டாம் சுற்று போனோம். ஆறு பிள்ளை பெற்ற அம்மாளைத் தெருவில் நிறுத்தி, எதிர்வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நானே கேட்டேன்.

"அவளுக்க வீட்டிலயா? சோறா? மூணு நேரமும் கிழங்குதான். அதும் பாதி வெந்தது" என்றாள்.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "ஏட்டி, எனக்க கிழங்கு வெந்ததும் வேகாததும் உனக்கு எப்பிடித் தெரியும்? நேத்து வந்து இரவல் வாங்கித் தின்னியே, அதிலயா? உனக்க வீட்டில மட்டும் என்ன, நெல்லுச் சோறா? ஆறு பிள்ளையளுக்கும் கிழங்கு உரிச்சுக் கை தேஞ்சுபோச்சுண்ணு நீதானே அழுத?"

அவர் சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்து மளமளவென்று எழுதினார். இரண்டு வீட்டுச் சோறும் வெட்டுப்பட்டது. நாலு பிள்ளைகள் ஆறானார்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் முறைத்தபடியே மசியில் விரலைத் தொட்டுக் கைரேகை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. விஷயம் எங்களுக்கு முன்னால் ஓடியது. நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே ஆட்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று அடுத்த வீட்டைக் காட்டிக்கொடுத்தார்கள். கிழங்கு மெல்லப் பல்லில்லாத கிழவனுக்குத் தான் மசித்துக்கொடுப்பதை அடுத்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாள் என்று பாட்டாவின் மருமகள் அவள்மேல் பாய்ந்தாள். பாட்டா மட்டும் உள்ளேயிருந்து, மாசியில் தின்ன சோறு சோறு இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற வாயை இறுக்கிக்கொண்ட ஊர், சாயங்காலம் அடுத்த வீட்டு மானத்தை வாரி வாரிக் கொடுத்தது. கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லா வீடும் ஒரே கிழங்குதான் என்று வெளிப்பட்டபிறகு யாருக்கும் வெட்கம் மிஞ்சவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இவ்வளவு பெரிய யோசனை யாருடையது என்று ஊர் பார்க்கட்டும் என்று. அப்படி நடந்து என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

அவர் மைனியைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் அம்மா?"

நான் மைனியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். ஊர் முழுவதும் பின்னால் நின்றது. பெரிய வீட்டுக்காரரும் குடையோடு வந்து ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மைனி ஓலைநாரை வாயிலிருந்து எடுத்தாள். "ரெண்டு வருசமா இவன் வீட்டு மரச்சீனித் தோல் முழுக்க எனக்க எருக்குழியிலதான் கிடக்கு சாரே. அவன் வீட்டு எருக்குழியில போட்டா கடைக்கு வாறவங்க பாத்திருவாங்களாம். விடியக்காலம் ஒரு பெட்டி. நானும் குழிக்கு உரமாச்சேண்ணு சும்மா இருந்தேன்."

அன்று ஊர் சிரித்த சிரிப்பு ஆரல்வாய்மொழிக் கணவாயில் போய் முட்டியிருக்கும். வசதியுள்ளவர் என்ற வார்த்தை கண்முன்னால் வந்தது. இப்போது கிழங்கு என்று கையெழுத்துப் போட்டால் டிப்போ ஊருக்கு வரும், ஆனால் என் அறைக்கு வராது. பெரிய வீட்டுக்காரர் அதற்குத்தான் சிரிக்கிறார். கிழங்கு தின்கிறவன் கையில் சர்க்கார் அரிசி மூட்டையைக் கொடுக்குமா?

"அது... அது ஆட்டுக்கு வாங்கின கிழங்கு சாரே" என்றேன்.

"உனக்கு ஆடு ஏதுல மக்கா?" என்றாள் மைனி.

அவர் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "அண்ணாச்சி, நீங்கள் மறுத்தால் நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் யோசனை சொன்ன நீங்களே மறுத்தால், மற்றவர்கள் வைத்த கைரேகையை ஆபீசில் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் பழையபடி சோறு என்றே கொடுத்துவிடுகிறேன்."

நான் அந்த ஓட்டு அறையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓடும் நானே கோட்டாற்றிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் அப்படி வந்து நின்றது அதுதான் முதல்தடவை.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள். "அந்தக் கிழங்குத்தோல் பெட்டியைத் தினமும் சுமந்துட்டுப் போனது நானாக்கும். இனி என்னால முடியாது."

போட்டேன். ஊரில் மற்ற எல்லோரும் விரலைப் பதித்தார்கள். நான் இங்கிலீஷ் எழுத்தில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டுக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். தோற்றாலும் அந்தக் கோடு நேராக இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டேன்.

அவர் காகிதங்களை அடுக்கிவிட்டுப் பெரிய வீட்டுக்காரரிடம் போனார். ரொம்ப மரியாதையாக, தங்கள் வீட்டுக்கும் ஏதாவது திருத்தம் உண்டா, டிப்போவுக்குத் தாங்கள் போட்ட விண்ணப்பமும் ஆபீசில் இருக்கிறது என்றார்.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரருக்கு உறைத்தது. குடைக்காம்பை இறுக்கிப் பிடித்தார். வசதி உண்டு என்று சொன்னால் டிப்போ கிடைக்கும், ஆனால் நாளைக்கே லெவிக்காரர்கள் பத்தாயத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். இல்லை என்று சொன்னால் பத்தாயம் தப்பும், டிப்போ போகும். ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது. பாட்டாகூட வெளியே வந்துவிட்டார்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் பெரிய வீட்டுக்காரர். "ஒரு மணி நெல்லு கிடையாது."

அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். என் கோட்டளவு நேரான கோடு அவருக்கு வரவில்லை என்பதை அன்றே கவனித்தேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. எங்கள் ஊருக்கு டிப்போ உண்டு. விண்ணப்பம் போட்ட இருவரும் கிழங்கு தின்கிறவர்கள், ஆனால் ஒருவரிடம் மழை ஒழுகாத அறை காலியாகத் தயாராக இருக்கிறது, கடை நடத்திப் பழக்கமும் இருக்கிறது என்று கண்டு, அதை எனக்கே கொடுத்திருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் அதை எதிர்த்து மேலே எழுதிப்போடப்போகிறார் என்று பேச்சு வந்தது. எழுதவில்லை. எழுதினால் தன்னிடம் நெல் உண்டு என்றல்லவா எழுதவேண்டும். அதுமட்டுமல்ல, சோறு தின்னாத வீடு என்று காகிதத்தில் இருப்பதால், வாரந்தோறும் கார்டைக் கொடுத்து ஆள் அனுப்பிப் புழுக்கலரிசி வாங்கவேண்டிவந்தது. வாங்காவிட்டால் பின்னே என்னத்தைத் தின்கிறார் என்று யாராவது கேட்டுவிடுவார்களே. அந்த அரிசியை அவர் வீட்டுக் கோழிகள் தின்றன. அவர் வீட்டுக் கோழிமுட்டை அந்த வருஷம் நல்ல பருமன்.

முதல் நாள் மூட்டை அவிழ்த்தபோது வரிசை என் கடையிலிருந்து குளக்கரைவரை நின்றது. பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த பெண்கள் பெட்டி நிறைய அரிசியோடு நாலு நிமிஷத்தில் வீட்டுக்குப் போனார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் ஆச்சு என்றார்கள். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் நான் அதை நம்பியதில்லை.

அடுத்த வாரம் கேட்டபோது மைனி மட்டும் ஆச்சு என்று சொல்லவில்லை. அரிசியை வாங்கிப் பெட்டியில் கொட்டிக்கொண்டு, போகாமல் நின்றாள். என்ன மைனி என்றேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீ இப்ப நெசமாவே சோறு திங்க ஆரம்பிச்சிட்டியாக்கும். ஒரு வாரமா எனக்க எருக்குழி காலியாக் கிடக்கு. வாழைக்கு என்னத்தைப் போட? வாரத்துக்கு ரெண்டு நாளாவது கிழங்கு தின்னுட்டுத் தோலைக் கொண்டு போடு மக்கா. இனி விடியக்காலத்தில எல்லாம் வரண்டாம். மத்தியானம் எல்லாருக்க முன்னாலயும் கொண்டுவா."

கொண்டுபோனேன். நானேதான் சுமந்துகொண்டு போனேன். எனக்கு மீன் குழம்போடு மரச்சீனி என்றால் இன்றைக்கும் சோறு வேண்டாம்.